சுத்தியல் பிடித்த பங்குச்சாமியார்: மொலோக்காய் தமியான் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குப்பேரவைக் கூட்டத்தில் குருக்களின் முன்மாதிரி என்று பேச்செடுத்தால் யாராவது ஒருவர் தமியான் சாமியின் பெயரைச் சொல்லிவிடுவார். ஹவாயின் மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளிகளோடு வாழ்ந்தார், அதே நோய் வந்து இறந்தார், புனிதரானார். மறையுரைகளும் பெரும்பாலும் அதற்கு மேல் போவதில்லை. அங்கே இருந்த ஏறத்தாழ 16 வருடங்களில் அவர் காலையில் எழுந்து என்னதான் செய்தார் என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. உண்மையில் சுவாரசியமான பகுதியே அதுதான். அதனால் இந்தப் பக்கத்தில் அவருடைய கைவேலைக்கு இடம் கொஞ்சம் கூடுதல், புதுமைகளுக்கு (அற்புதங்களுக்கு) குறைவு.

முதலில், யார் இவர்?

பெல்ஜியத்தில் திரேமெலோ என்ற ஊரில் 1840 ஜனவரி 3 அன்று பிறந்தவர். இயற்பெயர் யோசேப் தெ வூஸ்தர். விவசாயமும் தானிய வியாபாரமும் செய்த குடும்பம். அண்ணன் பாம்ஃபில் ஏற்கெனவே இயேசு, மரியாவின் திரு இருதயங்கள் சபையில் இருந்தார். தம்பியும் அங்கேயே சேர்ந்து தமியான் என்று பெயர் எடுத்துக்கொண்டார். ஹவாய்க்குப் போக வேண்டியவர் அண்ணன்தான். அவர் காய்ச்சலில் விழுந்ததும், "அவருக்குப் பதில் என்னை அனுப்புங்கள்" என்று தம்பி நேராகச் சபைத் தலைவருக்கே கடிதம் எழுதிவிட்டார். அப்போது அவர் குருப்பட்டம்கூடப் பெறவில்லை. உள்ளூர் அதிபரைத் தாண்டி மேலே எழுதும் இந்தப் பழக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

1864 மார்ச் 19, சூசையப்பர் திருநாளன்று ஹொனலுலு வந்து சேர்ந்தார். அதே ஆண்டு மே 21-ல் அங்குள்ள பேராலயத்தில் குருப்பட்டம். அதன்பின் ஒன்பது வருடம் ஹவாய்ப் பெருந்தீவின் மலைப்பங்குகளில் வேலை. குதிரையிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போவார், கோயில் இல்லாத இடத்தில் தானே மரம் சுமந்து சிற்றாலயம் கட்டுவார். சுத்தியல் பழக்கம் மொலோக்காயில் தொடங்கியது இல்லை.

மொலோக்காயில் ஏன் ஒரு நோயாளிகள் குடியிருப்பு இருந்தது?

ஹவாய் அப்போது தனி அரசு. வெளியிலிருந்து வந்த நோய்கள் அந்த மக்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுகொண்டிருந்த காலம். தொழுநோய் பரவுவதைத் தடுக்க 1865-ல் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹா காலத்தில் ஒரு சட்டம் வந்தது: நோய் உள்ளவர்களைப் பிரித்து வைக்க வேண்டும். மொலோக்காய்த் தீவின் வடகரையில் கலௌபாப்பா என்று ஒரு தீபகற்பம். மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் சுமார் 2000 அடி உயரத்துக்குச் செங்குத்துப் பாறை. சுவரே கட்ட வேண்டாத சிறை. 1866 ஜனவரி 6-ல் முதல் பன்னிரண்டு பேரை அங்கே கலவாவோ என்ற பகுதியில் இறக்கினார்கள். 1969-ல் தனிமைப்படுத்தும் கொள்கை முடியும்வரை ஏறத்தாழ 8000 பேர் அங்கே அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் ஹவாய் பூர்வகுடி மக்கள்.

அரசு போட்ட கணக்கு, நோயாளிகள் தாங்களே பயிர் செய்து பிழைத்துக்கொள்வார்கள் என்பது. விரல் இழந்தவர்கள் எப்படி மண்வெட்டி பிடிப்பார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அவரை ஆயர் அனுப்பினாரா, தானாகப் போனாரா?

இரண்டும். 1873 மே மாதம் மாவி தீவில் ஒரு கோயில் திறப்பு விழாவுக்குக் குருக்கள் கூடியிருந்தார்கள். அங்கே ஆயர் லூயி மெக்ரே, கலவாவோவில் இருக்கும் கத்தோலிக்கர்களுக்கு நிரந்தரமாகக் குரு இல்லையே என்ற கவலையைச் சொன்னார். யாரையும் கட்டாயப்படுத்த அவருக்கு மனம் இல்லை. நான்கு குருக்கள் முன்வந்தார்கள். ஆளுக்குச் சில மாதம் முறைவைத்துப் போவது என்பது ஏற்பாடு. முதல் முறை தமியானுக்கு. மே 10 அன்று மாடுகளும் புது நோயாளிகளும் ஏறிய கப்பலில் ஆயரோடு போய் இறங்கினார். மற்ற மூவரின் முறை வரவே இல்லை. தான் அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று தமியானே கேட்டுக்கொண்டார்.

அப்போது அவருக்கு வயது 33.

போய் இறங்கியதும் எங்கே தங்கினார்?

சாமியார் வீடு கிடையாது. பிலோமினம்மாள் பெயரில் சின்னதாக ஒரு சிற்றாலயம் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் சபைச் சகோதரர் ஒருவர் கட்டியது. அதன் பக்கத்தில் ஒரு தாழை மரம். முதல் சில வாரங்கள் தமியான் அந்த மரத்தடியில்தான் படுத்தார்.

நோயாளிகளின் குடிசைக்குள் படுக்காமல் மரத்தடியில் படுத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் பயமே இல்லாத மனிதர் என்று சொல்வது நம் வசதிக்காக. ஆரம்பத்தில் அவருக்கும் தயக்கம் இருந்தது. குடிசைகளில் காயம் அழுகிய நாற்றம் தாங்காமல் வாசலுக்கு ஓடிவந்து மூச்சு விட்டிருக்கிறார். அந்த வாடையைச் சமாளிக்கத்தான் சுங்கான் புகைக்கப் பழகிக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். கொஞ்ச நாளில், அந்தச் சுங்கானைக் கேட்டவருக்குக் கொடுத்து வாங்கும் நிலைக்கு வந்துவிட்டார். சேப்பங்கிழங்குக் களியை அவர்களோடு ஒரே பாத்திரத்தில் கைவிட்டுச் சாப்பிட்டார். ஹவாய் வழக்கத்தில் அப்படிச் சேர்ந்து சாப்பிடாதவன் வேற்றாள்.

கட்டட வேலை செய்தார் என்கிறார்கள். குறிப்பாக என்னென்ன?

நிறைய. முதலில் தண்ணீர். குடியிருப்பில் தண்ணீருக்குத் தூரம் நடக்க வேண்டும். கால் புண்ணானவர்களுக்கு அது முடியாத காரியம். தண்ணீர் இல்லை என்றால் புண் கழுவுவது இல்லை, துணி துவைப்பது இல்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓடும் தண்ணீரைக் கொண்டுவர அரசிடம் குழாய் கேட்டு வாங்கினார். குழாய் கப்பலில் வந்ததும், உடம்பில் தெம்பு இருந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு பதித்தார்.

அடுத்தது வீடு. 1874-ல் அடித்த ஒரு பெரும் புயலில் புல்லும் இலையும் வேய்ந்த குடிசைகள் பெரும்பாலும் சரிந்துவிட்டன. தமியான் சுகாதார வாரியத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு மரமும் பலகையும் வரவழைத்தார். தரையிலிருந்து தூக்கி, பலகைத் தளம் போட்டு, சுண்ணாம்பு அடித்த வீடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஈரத்தரையில் பாய் போட்டுக் கிடந்தவர்களுக்குக் காய்ந்த தளத்தில் படுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, மழைக்காலத்தில் ஒழுகும் வீட்டில் ஒரு ராத்திரி இருந்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் தாய் தகப்பன் இல்லாத நோயாளிப் பிள்ளைகளுக்கு இரண்டு இல்லங்கள், ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. தோட்டம், கோழி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு. கல்லறைக்கு வேலி. இது போதாது என்று, பாறைமேல் ஏறிப்போய்த் தீவின் மறுபக்கத்தில் இருந்த நோயில்லாத கத்தோலிக்கர்களுக்கும் கோயில் கட்டினார். கலுவாஆஹாவில் 1874-ல் ஒன்று, கமலோவில் 1876-ல் புனித சூசையப்பர் பெயரில் இன்னொன்று. அவை இன்றும் இருக்கின்றன.

மருந்தும் அவர் கையில்தான் இருந்தது. ஆரம்ப வருடங்களில் அங்கே தங்கியிருக்கும் மருத்துவர் கிடையாது. பூசை, ஞானோபதேசம் முடிந்ததும் வீடு வீடாகப் போவார். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவார், நன்மை (நற்கருணை) கொடுப்பார், சாகக்கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் அவஸ்தைப் பூசுதலும் செய்வார். உடம்புக்கு ஒரு நேரம், ஆத்துமத்துக்கு ஒரு நேரம் என்று அவருக்குத் தனித்தனி அட்டவணை இல்லை.

கலவாவோ கோயில் தரையில் ஓட்டை இருக்கும் என்று படித்தேன். எதற்கு?

இந்த ஒரு விவரத்தைச் சொன்னாலே அவரைப் புரிந்துகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றும். நோய் முற்றியவர்களுக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், துப்பாமல் இருக்க முடியாது. பூசை நடுவே துப்புவதற்கு வெட்கப்பட்டு அவர்கள் கோயிலுக்கு வராமல் இருந்தார்கள், வந்தாலும் வெளியே நின்றார்கள். தமியான் என்ன செய்தார்? பலகைத் தரையில் உட்காரும் இடங்களின் பக்கத்தில் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிவிட்டார். பெரிய இலையைச் சுருட்டிக் குழல்போல அந்த ஓட்டையில் வைத்தால், இருந்த இடத்திலிருந்தே துப்பலாம். தரைக்குக் கீழே மண்ணில் போய்விடும். கோயிலைவிட்டு எழுந்து போக வேண்டியதில்லை.

கோயில் தரையை வெட்டுவதா என்று யோசிக்கும் பங்குத்தந்தை ஒருவகை. ரம்பத்தை எடுப்பவர் இன்னொருவகை. "எல்லாரும் வாருங்கள்" என்று பிரசங்கம் வைக்கலாம்தான். வர முடியாமல் தடுப்பது எது என்று குனிந்து பார்க்க, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தவரால்தான் முடியும். அந்த ஓட்டைகளை இப்போதும் அந்தக் கோயிலில் பார்க்கலாம்.

சவப்பெட்டிகூட அவரே செய்தாராமே?

ஆமாம், நூற்றுக்கணக்கில். அவர் வருவதற்கு முன்பு பலரைப் பெட்டி இல்லாமல் ஆழமில்லாத குழியில் புதைத்தார்கள். பெட்டி வேண்டுமென்றால் பணம் வேண்டும். தமியான் பலகை அறுத்துப் பெட்டி செய்தார், குழியும் தோண்டினார். தனியாக இல்லை. அடக்கத்துக்கென்றே ஒரு சங்கம் சேர்த்தார். அதன் உறுப்பினர்கள் மேளமும் பாட்டுமாக ஊர்வலம் நடத்திச் சவத்தைக் கொண்டுபோவார்கள். வாழும்போது ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவனுக்குச் சாவிலாவது மரியாதை. நம் ஊரில் மரண அடக்கச் சங்கம் வைத்திருக்கும் பங்குகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர் வீடு கல்லறையை ஒட்டித்தான் இருந்தது. சாயங்காலம் அந்தக் குழிகளுக்கு நடுவே ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடப்பார்.

எல்லாவற்றையும் அவர் ஒருவரே செய்தாரா? மக்கள் சும்மா இருந்தார்களா?

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும். "காட்டுமிராண்டிக் கூட்டமாக இருந்த இடத்தில் வெள்ளைக்காரச் சாமி வந்து ஒழுங்கு கொண்டுவந்தார்" என்று கதை சொல்பவர்கள் உண்டு. ஹவாய் மக்களுக்கு அந்தக் கதை பிடிக்காது. நியாயமும் அவர்கள் பக்கம்தான். தமியான் வருவதற்கு ஏழு வருடம் முன்பே, 1866-ல், சீர்திருத்த சபையைச் சேர்ந்த நோயாளிகள் தாங்களாகவே சிலோவாமா என்று ஒரு திருச்சபையைத் தொடங்கி, பிறகு கோயிலும் கட்டியிருந்தார்கள். நோய் இல்லாத கணவன், மனைவி, தாய் என்று பலர், "நானும் கூடப் போகிறேன்" என்று நோயாளியோடு கப்பலேறி வந்து பணிவிடை செய்தார்கள். அவர்களைக் கோகுவா என்பார்கள். அவர்கள் செய்ததும் தமியான் செய்ததற்குக் குறைந்த தியாகம் இல்லை. அவர்களுக்குச் சிலை இல்லை, அவ்வளவுதான்.

தமியானின் கெட்டிக்காரத்தனம், இருந்த கைகளைச் சேர்த்துக்கொண்டது. குழாய் பதித்ததும் பலகை அடித்ததும் அவர்களோடு சேர்ந்து. பையன்களுக்குத் தச்சும் தோட்ட வேலையும் கற்றுக்கொடுத்தார். பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் இருந்தன. ஆர்மோனியம் வாசிக்க ஒருவருக்கு விரல் போதாதபோது இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தார்கள். நோயாளியாக வந்து குடியிருப்பின் மேற்பார்வையாளராக உயர்ந்த ஆம்ப்ரோஸ் ஹட்சிசன், தமியானை நேரில் பார்த்துப் பழகியவர். சாமியாரின் முரட்டுத்தனத்தையும் உழைப்பையும் ஒருசேர எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொரு விஷயம். 1877 கடைசியில் மேற்பார்வையாளர் இறந்தபோது, அந்தப் பதவி கொஞ்ச காலம் தமியானிடம் வந்தது. சில மாதங்களிலேயே விட்டுவிட்டார். அதிகாரி நாற்காலி அவருக்குச் சரிப்படவில்லை. கையில் சுத்தியல் இருந்தபோது கேட்ட மக்கள், கையில் விதிமுறை இருந்தபோது அவ்வளவாகக் கேட்கவில்லை.

"தொழுநோயாளிகளாகிய நாம்" என்று சொல்லித் தனக்கு நோய் வந்ததை அறிவித்தாராமே?

மறையுரைகளில் அடிக்கடி வரும் காட்சி இது: ஒரு ஞாயிற்றுக்கிழமை "சகோதரரே" என்பதற்குப் பதில் "தொழுநோயாளிகளாகிய நாம்" என்று தொடங்கினார், கோயிலே அழுதது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1873 நவம்பரிலேயே, அதாவது வந்து ஆறு மாதத்தில், தான் மறையுரையில் அப்படித்தான் பேசுவதாக அண்ணனுக்கு எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு நோய் இல்லை. உடம்பில் நோய் வருவதற்குப் பத்து வருடத்துக்கும் மேலாக அவர் தன்னை அவர்களில் ஒருவராக எண்ணிப் பேசிக்கொண்டிருந்தார் என்பது அந்த நாடகக் காட்சியைவிடப் பெரிது இல்லையா?

படகில் இருந்து கத்திப் பாவசங்கீர்த்தனம் செய்த கதை உண்மையா?

உண்மை. 1873-ல் அவர் போன சில மாதங்களில் சுகாதார வாரியம் கெடுபிடியை இறுக்கியது. குடியிருப்பைவிட்டு அவர் வெளியே வரக்கூடாது. பக்கத்தில் வேறு குரு இல்லாததால் அவருக்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லை. அந்த நேரம் சபையின் மாநிலத் தலைவர் கப்பலில் வந்தார். கப்பல் தலைவர் அவரை இறங்க விடவில்லை, தமியானை ஏறவும் விடவில்லை. தமியான் சின்னப் படகில் நின்றுகொண்டு, மேல்தளத்தில் நின்றவரிடம் பிரெஞ்சு மொழியில் சத்தமாகத் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற்றார். கெடுபிடி பிறகு தளர்ந்தது.

அவருக்கு நோய் எப்படி வந்தது? ஜாக்கிரதையாக இருந்திருக்கலாமே?

தொழுநோய்க் கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்தது 1873-ல், தமியான் கலவாவோவில் இறங்கிய அதே வருடம். அது எப்படிப் பரவுகிறது என்பது யாருக்கும் தெளிவில்லாத காலம். மருந்தும் இல்லை. நீண்ட காலம் நெருங்கிப் பழகினால்தான் தொற்றும் என்பதும், பெரும்பாலோர் உடம்பில் இயற்கையாகவே எதிர்ப்புச் சக்தி உண்டு என்பதும் இன்றைக்கு நமக்குத் தெரியும். தமியான் அந்தப் பெரும்பாலோரில் ஒருவர் இல்லை. 1884 கடைசியில், கொதிக்கும் தண்ணீரில் கால் வைத்தும் சூடு தெரியாமல் போனபோது விஷயம் உறுதியானது. அதற்குப் பிறகும் வேலையை நிறுத்தவில்லை. கோயிலைப் பெரிதாக்கும் வேலை அவர் சாகும் சமயத்திலும் நடந்துகொண்டிருந்தது. 1889 ஏப்ரல் 15, பரிசுத்த வாரத் திங்கட்கிழமை, 49 வயதில் இறந்தார்.

ஜாக்கிரதையாக இருந்திருக்கலாமா? இருந்திருக்கலாம். அவர் கை கழுவும் விஷயத்தில் அசட்டையானவர். மாறாக, 1883-ல் ஹவாய்க்கு வந்த பிரான்சிஸ்கன் சபை அன்னை மரியான் கோப், தன் சகோதரிகளுக்குக் கை கழுவும் ஒழுங்கைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தார். அவர்களில் ஒருவருக்கும் தொழுநோய் வரவில்லை. அன்னை மரியான் 1888 நவம்பரில் கலௌபாப்பாவுக்கு வந்து 1918-ல் இறக்கும்வரை அங்கேயே பணி செய்தார். 2012-ல் புனிதர் பட்டமும் பெற்றார். நோய் தொற்றினால்தான் தியாகம் என்று நினைப்பவர்கள் இவரையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கொரோனா காலத்தில் கையுறை போட்டுக்கொண்டு அவஸ்தைப் பூசப் போன சாமியார்களைக் கேலி பேசியவர்களுக்கும் இது பொருந்தும்.

மேலிடத்தோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. கேட்டதைக் கேட்டுக்கொண்டே இருப்பார்: மரம், துணி, மருந்து, உதவிக்கு ஒரு குரு, பெண்பிள்ளைகளைக் கவனிக்கச் சகோதரிகள். மேலிடத்துக்கு அலுத்துப்போயிற்று. உதவிக்கு வந்த குருக்களோடும் அவருக்குச் சரிவரவில்லை. இரண்டு பேர் வந்து மனஸ்தாபத்தோடு போனார்கள். அப்புறம் பணம். அவர் கடிதங்கள் ஐரோப்பாவில் அச்சாகிப் பேர் பரவியதும், லண்டனில் ஆங்கிலிக்கன் குருவான ஹ்யூ சாப்மன் நிதி திரட்டி அனுப்பினார். ஹவாய் அரசுக்கு இது அவமானமாகப் பட்டது, "நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்றா சொல்கிறார்?" என்று. சபை அதிபருக்கோ தமியான் புகழ் தேடுகிறார் என்ற எண்ணம். நோய் வந்தபின் ஹொனலுலுவுக்கு வரக்கூடாது என்று சொல்லியும் 1886-ல் சிகிச்சை பார்க்க ஒருதடவை போய்வந்தார்.

என் கருத்தில் இருபக்கமும் பிழை உண்டு. எதையும் தன் கையால் செய்பவர்களுக்கு, பிறர் செய்வது மெதுவாகவும் அரைகுறையாகவும் தெரியும். கூட வேலை செய்வது கஷ்டமான ஆள்தான் அவர். ஆனால் அவர் நச்சரிக்காமல் இருந்திருந்தால் பலகை வந்திருக்காது.

அவரைக் கேவலமாக எழுதினார்களாமே?

அவர் இறந்த வருடமே, ஹொனலுலுவில் இருந்த சார்லஸ் ஹைட் என்ற சீர்திருத்த சபைப் போதகர், தமியான் அழுக்கானவர், பிடிவாதக்காரர், பெண்கள் விஷயத்தில் சுத்தமில்லாதவர் என்று ஒரு கடிதத்தில் எழுதினார்; அது பத்திரிகையில் வந்துவிட்டது. ஸ்காட்லாந்து நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், தமியான் இறந்த அடுத்த மாதம் கலௌபாப்பாவுக்குப் போய் ஒரு வாரம்போலத் தங்கி, அவரை அறிந்தவர்களிடம் விசாரித்தவர். 1890-ல் ஹைட்டுக்குக் காரசாரமான பகிரங்கக் கடிதம் எழுதினார். அழுக்கு, பிடிவாதம் என்பதை அவர் மறுக்கவே இல்லை. நீங்கள் வசதியான வீட்டில் இருந்தபோது அவர்தானே போனார் என்பது அவர் வாதம். ஒழுக்கக் குற்றச்சாட்டுக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை.

அவரைப் பார்த்து யாராவது அந்த வேலைக்கு வந்தார்களா?

வந்தார்கள். நன்றாகத் தெரிந்தவர் ஜோசப் டட்டன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்தவர், பிறகு குடியில் விழுந்து எழுந்தவர். தமியானைப் பற்றிப் படித்துவிட்டு 1886-ல் சம்பளம் கேட்காமல் வந்து இறங்கினார். குரு இல்லை, துறவற வாக்கும் கொடுக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் "சகோதரர் டட்டன்" என்றே கூப்பிட்டார்கள். 40 வருடத்துக்கும் மேல் அங்கே பணி செய்தார், ஆண்பிள்ளைகள் இல்லத்தைப் பார்த்துக்கொண்டார். 1931-ல் இறந்தார்.

சரி, எங்கள் பங்குத்தந்தையும் இப்படிச் சட்டி தூக்க வேண்டுமா?

இதைக் கேட்பவர்களில் பாதிப்பேர் பங்குத்தந்தைமீது கோபமாக இருப்பவர்கள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 529-ஆம் சட்டம், பங்குத்தந்தை தன் மக்களை அறிந்திருக்க வேண்டும், குடும்பங்களைச் சந்தித்து அவர்கள் கவலையிலும் துக்கத்திலும் பங்கெடுக்க வேண்டும், நோயாளிகளுக்கும் சாகக்கிடப்பவர்களுக்கும் உதவ வேண்டும், ஏழைகளையும் தனித்து விடப்பட்டவர்களையும் தேடிப்போக வேண்டும் என்கிறது. மண்வெட்டி பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. வீடு சந்திப்பு கட்டாயம், சட்டி தூக்குவது அவரவர் விருப்பம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று. தமியான் சவப்பெட்டி செய்தது அங்கே சவப்பெட்டி இல்லாததால். கொத்தனாரும் தச்சரும் ஊர் நிறைய இருக்கும் பங்கில் சாமியார் கரண்டி பிடித்துச் சுவர் எழுப்பினால், ஒரு கூலியாளின் வேலை போவதுதான் மிச்சம். அங்கே இல்லாதது வேறு ஏதாவது இருக்கும். மூன்றாவது மாடியில் படி இறங்க முடியாமல் கிடக்கும் பாட்டிக்கு மாதத்தில் ஒருநாள் நன்மை கொண்டுபோக ஆள் இல்லாமல் இருக்கலாம். மதுவில் கிடக்கும் மகனை மறுவாழ்வு இல்லத்துக்குக் கூட்டிப்போக ஒரு தாய்க்குத் துணை இல்லாமல் இருக்கலாம். கோயில் கழிப்பறையைக் கழுவ யாருமே கைவைக்காமல் ஒரே ஒரு குடும்பத்தின் தலையில் அதைக் கட்டியிருக்கலாம். இந்தக் கடைசி வேலையைப் பங்குச்சாமியார் பெருக்குமாறும் கையுமாக ஒரு சனிக்கிழமை தொடங்கினால், சாதி பற்றிய பத்து மறையுரைக்கு மேலாக ஊருக்கு உறைக்கும். புகைப்படக்காரரைக் கூப்பிடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

பெரிய வியாழனன்று பாதம் கழுவுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். அது சடங்கு, சடங்காக நன்றாகவே இருக்கிறது. அன்று கழுவப்படும் கால்கள் ஏற்கெனவே வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தவை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுக்கும் அவருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

அவர் இங்கே வந்ததில்லை. அவர் நாட்டவர்கள் வந்தார்கள். 1955-ல் பெல்ஜிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமெரிக்ஸ் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பொலம்பாக்கத்தில் தொழுநோய் மையம் தொடங்கினார். நோயாளியைச் சுவருக்குள் கொண்டுவருவதற்குப் பதில், மருந்துப் பெட்டியோடு ஊர் ஊராகப் போய் மரத்தடியில் வைத்தியம் பார்ப்பது அவர் முறை. அவரோடு வேலை செய்த பெல்ஜியப் பெண் மருத்துவர் க்ளேர் வெல்லுட் இந்தியக் குடியுரிமை வாங்கிக்கொண்டு பல வருடம் இங்கே பணி செய்தார். தமியான் பெயரால் பெல்ஜியத்தில் இயங்கும் தமியேன் ஃபவுண்டேஷனுக்குச் சென்னையில் கிளை உண்டு. தொழுநோய், காசநோய் இரண்டிலும் வேலை செய்கிறது. இன்று தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம், முழுவதும் குணமாகும்.

எப்போது புனிதரானார்? திருநாள் எது?

1995 ஜூன் 4-ல் புருசெல்ஸ் நகரில் இரண்டாம் ஜான் பால் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தார். 2009 அக்டோபர் 11-ல் ரோமில் பதினாறாம் பெனடிக்ட் புனிதர் பட்டம் கொடுத்தார். திருநாள் மே 10, அதாவது அவர் கலவாவோவில் கால்வைத்த நாள். இறந்த நாள் பல வருடங்களில் தவக்காலத்திலோ பாஸ்கா (ஈஸ்டர்) வாரத்திலோ விழும் என்பதால் இது வசதியும்கூட.

அவர் உடல் எங்கே இருக்கிறது?

முதலில் கோயில் அருகே அந்தத் தாழை மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். 1936-ல் பெல்ஜிய அரசு கேட்டு வாங்கி லூவேன் நகருக்குக் கொண்டுபோயிற்று. கலவாவோ மக்களுக்கு அது பெரிய வருத்தம். 1995-ல் முத்திப்பேறு பட்டத்தை ஒட்டி அவருடைய வலது கையின் எலும்புகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவை பழைய குழியிலேயே மறுபடி அடக்கம் ஆயின.

கலௌபாப்பாவுக்கு இப்போது போக முடியுமா?

நினைத்தவுடன் போக முடியாது. 1980 முதல் அது அமெரிக்கத் தேசிய வரலாற்றுப் பூங்கா. ஆனாலும் ஹவாய் மாநிலச் சுகாதாரத் துறையின் முன் அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. அங்கேயே வாழ்ந்து பழகிய பழைய நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக இந்த விதிகள். அவர்களைக் கேட்காமல் படம் எடுக்கவும் கூடாது. பயணம் போடுபவர்கள் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுப்பது நல்லது. பாறைப் பாதை சில சமயம் மண்சரிவால் மூடியிருக்கும்.